பாமணி ஆத்துல ரெண்டு ரைஃபிள்

எனக்குக் கோவம் வரும். அத மொதல்லயே சொல்லிடறேன், பின்னாடி யாரும் கேக்கக் கூடாது பாருங்க. மன்னார்குடியில பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல நான் டிரில் டீச்சர், பேரு செவ்வந்தி. பிள்ளைங்க எனக்கு வச்ச பேரு வெடி டீச்சர். துப்பாக்கி சுடறதுக்காக வச்ச பேருன்னு ரொம்ப நாள் பெருமையா இருந்தேன். என் வாய்க்கு வச்ச பேருன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

காலேஜ்ல என்சிசியில சேர்ந்ததே பரேடு முடிஞ்சா பூரி கெழங்கு குடுப்பாங்கன்னுதான், பொய் சொல்வானேன். ஒரு நாள் வரிசையா குப்புறப் படுக்க வச்சு, கையில ஒரு பழைய ரைஃபிளக் குடுத்து, எதுத்தாப்புல கறுப்பு வட்டம் போட்ட காகிதத்தச் சுடச் சொன்னாங்க. மூச்சப் பாதி விட்டு, பாதி நிறுத்தி, விரல மெதுவா அழுத்தணும். அந்த ஒரு நொடி இருக்கே, அப்ப இந்த உலகத்துல எவன் மேலயும் எனக்குக் கோவமே இல்ல. எனக்கு அப்படி ஒரு நிம்மதி அதுக்கு முன்னாடி கெடச்சதே இல்ல. அதுக்காகவே அத விடாமப் புடிச்சுக்கிட்டேன்.

கல்யாணம் ஆயி, வேல கெடச்சு, ஊர் கிளப்புல ஒரு ஓரமா சேர்ந்துக்கிட்டு, அங்க இருந்த ஓட்ட ரைஃபிள வச்சே சுட்டுக்கிட்டிருந்தேன். எண்பத்திரெண்டுல திருச்சியில நடந்த போட்டியில மொதல்ல வந்துட்டேன். அடுத்த வருசம் மெட்ராசுல மாநிலப் போட்டி. கிளப்பு செக்ரட்டரி பஞ்சநதம் சார் வக்கீல், பெரிய நெலக்காரக் குடும்பம். உச்சவரம்புச் சட்டத்துல பாதி நெலம் போனவர். அந்த வருத்தம் அவருக்கு உண்டு, ஆனா என்கிட்ட ஒரு நாளும் காட்டினதில்ல. அவர் ஒரு நாள் வீட்டுக்கே வந்துட்டார்.

"டீச்சர், துப்பாக்கி சுடறவங்க சங்கத்து மூலமா வெளிநாட்டு ரைஃபிள் ரெண்டு வந்திருக்கு. ஒண்ண நீங்க எடுத்துக்கலாம், இன்னொண்ணு திருச்சி கிளப்புக்குப் போகுது. லைசென்ஸ் ஒங்க பேர்ல, வீட்டுலயே வச்சுக்கலாம். எது வேணும்னு நல்லா சுட்டுப் பாத்துச் சொல்லுங்க."

எங்க தெருவுல ஒரு பொம்பள பேர்ல துப்பாக்கி லைசென்ஸ்! எங்க வீட்டுக்காரர் மருதையன் கட்சி ஆபீசுல போயி ஆரஞ்சு மிட்டாய் குடுத்துட்டு வந்தார். அவரு நெல் கொள்முதல் நெலயத்துல பட்டியல் எழுத்தர். கரை வேட்டியில்லாம வெளியில போக மாட்டார். எனக்கு நல்லது ஒண்ணு நடந்தா ஊரே கேக்கற மாதிரி சந்தோசப்படுவார். அதுதான் அவர்கிட்ட இருக்கற நல்ல கொணம், என்னைக் கடுப்பேத்தற கொணமும் அதேதான்.

எங்கப்பா கண்ணுசாமி மட்டும் மிட்டாயத் தொடல.

"துப்பாக்கி இந்த வாசப்படி ஏறட்டும் ஆயி. நான் எறங்கிடறேன்."

"எறங்கி எங்க போவீங்க?"

"கீழ்வேளூர்ல எந்தங்கச்சி ராசம்மா இருக்கா. எனக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊத்த மாட்டாளா?"

அப்பாவக் குத்தஞ் சொல்ல முடியாது. நான் பாவாடை கட்டின வயசு. குறுவை அறுப்புக்குக் கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டு எங்க ஊர் ஆளுங்க வயல்ல எறங்காம நின்னாங்க. பண்ணையாரு வெளியூர் ஆளக் கொண்டாந்து எறக்கினார், இவங்க போயி மறிச்சாங்க. பண்ணையாரு மகன் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு வரப்பு மேலயே ஓடி வந்தான். ஆகாயத்தப் பாத்துதான் சுட்டான், யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அப்பா ஓடுன ஓட்டத்துல சேத்துல விழுந்து, அவன் போற வரைக்கும் தலயத் தூக்காம கெடந்திருக்கார். அப்புறம் அரைப்படியும் கெடச்சது. குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. உச்சவரம்புல எடுத்த நெலத்துல ஒரு ஏக்கரும் கெடச்சது. எல்லாம் வந்துச்சு, அந்தப் பயம் மட்டும் போகல. இன்னிக்கும் சைக்கிள் டயர் வெடிச்சா எங்கப்பா குந்திடுவார்.

அம்மா போனதுக்கப்புறம் அவரு எங்களோடதான். அவரு இல்லாத வீட்டுல எனக்குச் சோறு எறங்காது. நல்ல ரைஃபிள் இல்லாம மெட்ராஸ் போனா நான் வேடிக்கதான் பாக்கணும். ரெண்டும் வேணும் எனக்கு. அந்த வைகாசி முழுக்க இதே நெனப்பாத்தான் இருந்தேன்.

எங்களுக்குச் சுடற எடம் பாமணி ஆறு. சிரிக்காதீங்க. கோடையில தண்ணி நின்னுட்டா ஆறு வெறும் மணல்தானே. ஊருக்கு வெளியில ஆறு திரும்பற எடத்துல கரை ஆளுயரத்துக்கு மேல இருக்கும், குண்டு அதுல போயி புதைஞ்சுக்கும். போலீசுல அனுமதி வாங்கி, ஐம்பது மீட்டர் அளந்து டார்கெட் கட்டி, ஆளுங்க வராம இருக்க ஒரு செவப்புக் கொடியும் நட்டோம். நட்ட மொத நாளே கூட்டம் கூடிப் போச்சு. செவப்புக் கொடியப் பாத்துட்டு, என்ன கோரிக்கைன்னு கேட்டுக்கிட்டு அக்கம்பக்கத்துலேர்ந்து ஆளுங்க கெளம்பி வந்துட்டாங்க. ஒரு கோரிக்கையும் இல்லைங்கன்னு சொன்னப்ப அவங்க மொகத்துல இருந்த ஏமாத்தத்தப் பாக்கணுமே! எங்க வீட்டுக்காரர் அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சார்.

மேட்டூர் தொறந்தா தண்ணி வந்துடும், வந்தா எங்க மைதானம் ஆத்தோட போச்சு. அதுக்குள்ள ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணணும்.

ரெண்டு ரைஃபிளும் ஒரே தோட்டா போடறதுதான், ரெண்டுக்கும் பின்னாடி போல்ட்ட இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவா போடணும். ஆனா பாக்க ராசாவும் கூலிக்காரனுமா இருந்துச்சு. ஒண்ணு மெலிசு. செதுக்குன கட்டை, பாலிசு, மொகம் தெரியற பளபளப்பு, ஒரு கையால தூக்கிடலாம். பண்ணை வீட்டுச் சொவத்துல மாட்டி வச்சிருப்பாங்களே, அதே சாயல். இன்னொண்ணு தடியன். பேரல் தண்ணிக் கொழாய் மொத்தத்துக்கு இருக்கும். கட்டையில ஒரு பூவும் கெடையாது. தூக்கினா தோள் எறங்கும்.

"பேரல் கனமா இருந்தா சுடும்போது அதிர்வு கம்மி டீச்சர். சூடேறினாலும் குறி மாறாது. இதுல பேரல் கட்டையத் தொடாமத் தனியா நிக்குது பாருங்க" என்றார் பஞ்சநதம் சார். ஒரு தாள எடுத்துப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவுல விட்டு இழுத்துக் காட்டினார். தாளு தடங்கலே இல்லாமக் கடைசி வரைக்கும் போச்சு.

எனக்கு அந்தத் தடியனத்தான் பார்த்ததும் புடிச்சது. கன்னத்த வச்சதும் அது அப்படியே கெடந்துச்சு, அசங்கல. இந்த ஆட்டம் ஆடற என் கைக்கு இப்படி ஒண்ணுதான் லாயக்குன்னு நெனச்சேன்.

ஆனா சார் ஒரு நியாயம் சொன்னார். "ரைஃபிளத்தான் சோதிக்கணும், ஒங்களச் சோதிக்கக் கூடாது. ஏதாவது மூட்டை மேல சாத்தி வச்சுச் சுட்டாத்தான் அதோட கொணம் தெரியும்."

மூட்டைன்னு சொன்னதும் எங்க வீட்டுக்காரருக்கு உச்சி குளுந்து போச்சு. அவரு பொழப்பே மூட்டையாச்சே! எங்க ஒரு ஏக்கர்ல வெளஞ்சு, வீட்டுச் சாப்பாட்டுக்குன்னு வச்சிருந்த நெல்லு ரெண்டு மூட்டையக் கையோட வண்டியில போட்டுக்கிட்டு வந்துட்டார். மணல் மூட்டை கட்டலாமேன்னு யாருக்கும் தோணல. தோணினாலும் மணல் போல்ட்டுக்குள்ள போயிடும்னுதான் சொல்லியிருப்போம். எங்க ஊருல மணல மூட்டை கட்டறது ஆத்துல உடைப்பு எடுத்தாத்தான். மத்ததுக்கெல்லாம் நெல்லு மூட்டைதானே.

மூட்டை மேல வச்சு மெலிச வச்சுச் சுட்டேன். அஞ்சு குண்டும் ஒரு ரூபாக் காசுக்குள்ள அடங்கற மாதிரி விழுந்துச்சு. தடியன வச்சுச் சுட்டேன். மொதக் குண்டு நடுவுல. அடுத்தது அதுக்கு மேல. அடுத்தது அதுக்கும் மேல. அஞ்சும் ஏணிப்படி மாதிரி ஏறிக்கிட்டே போச்சு.

மறுநாளும் அதே கதை. அதுக்கு மறுநாளும் அதேதான். எங்க வீட்டுக்காரர் வேற பக்கத்துலயே நின்னுக்கிட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் மூட்டைய ஒரு குத்துக் குத்திச் சரி பண்ணி விடறார். "இப்ப பாரு செவ்வந்தி, இப்ப நல்லா சம்மணம் போட்டு ஒக்காந்துடுச்சு பாரு" என்பார். அடுத்த குண்டு இன்னும் மேல போகும்.

"பாக்கறதுக்குத்தான் பயில்வான் போல இருக்கு" என்றார் பஞ்சநதம் சார் வருத்தமா. "மெலிசையே எழுதிக் குடுத்துடட்டுமா டீச்சர்?"

நாளைக்குச் சொல்றேன் சார்னுட்டு வந்தேன். மனசே இல்ல எனக்கு. ஆனா காகிதம் சொல்றத நம்பாம எத நம்பறது?

அன்னிக்குச் சாயங்காலம் அப்பா வாசல்ல ஒக்காந்து கயிறு முறுக்கிக்கிட்டிருந்தார். "எந்தத் துப்பாக்கி ஆயி?" என்று கேட்டார். ஒரு வாரமா அதப் பத்திப் பேசாதவர் அவராவே கேட்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கல. மெலிசப் பத்திச் சொன்னேன். செதுக்குன கட்டை, பளபளப்பு, ஒரு கையால தூக்கிடலாம் எல்லாத்தையும் ஒளறிட்டேன்.

அவரு கை நின்னு போச்சு. "தோள்ல வார் போட்டு மாட்டிக்கிட்டு ஓடலாமா?"

"ஓடலாம்பா."

"அதேதான்" என்றார். எழுந்து உள்ள போயிட்டார். கொஞ்ச நேரங் கழிச்சுப் பாத்தா, மஞ்சப் பையில வேட்டி, துண்டு எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டிருக்கார். நாளைக்குச் சாயங்கால பஸ்சுக்குக் கீழ்வேளூர் கெளம்பறாராம்.  அழுகை வந்தா எனக்குக் கோவமாத்தான் வெளிய வரும். பாத்திரத்த எல்லாம் போட்டு ஒடச்சேன். எங்க வீட்டுக்காரர் சத்தமில்லாமப் பொறுக்கி வச்சார்.

மறுநாள் மத்தியானம் ஆத்துக்குப் போனோம். மெலிச இன்னொரு தடவ சுட்டுப் பாத்து எழுதிக் குடுத்துட வேண்டியதுன்னு முடிவு. போயி மூட்டைய எறக்கி வச்சதும் கரை மேல லஸ்கர் இராஜாங்கம் சைக்கிள்ல வந்து நின்னார். மதகு தொறக்கற ஆளு அவரு.

"டீச்சர்! தண்ணி மூணாறு தலைப்பு மதகத் தாண்டியாச்சு. சீக்கிரமா முடிச்சுக்கிட்டு ஏறிடுங்க!"

ஊருக்கும் சேதி போயிடுச்சு போல. கொஞ்ச நேரத்துல மொதத் தண்ணியப் பாக்கன்னு கரையில ஆம்பள, பொம்பள, குஞ்சு குளுவான்னு வந்து நிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குக் கை ஓடல. தடியனக் கடைசியா ஒரு தடவ மூட்டையில சாத்தினேன். வழியனுப்பறதா நெனச்சுக்கிட்டு ஒரு குண்டு. மேல போச்சு.

"இருடி, மூட்டை மூலையில காது மடங்கியிருக்கு. ஒரு குத்துக் குத்தி விடறேன்" என்று வந்தார் எங்க வீட்டுக்காரர்.

அவ்ளோதான். எங்கேர்ந்துதான் வந்துச்சோ. "ஒங்க மூட்டையும் வேணாம், ஒங்க குத்தும் வேணாம்! சொம்மா இருக்கவே தெரியாதா ஒங்களுக்கு? அங்க எங்கப்பா பையத் தூக்கிட்டார், இங்க நீங்க மூட்டைக்குக் காது குத்திக்கிட்டு நிக்கறீங்க!" காலால ஒரே ஒதை. மூட்டை சாஞ்சு உருண்டுச்சு. கரையில இருந்த பொம்பளைங்க கொலவ போடாத கொறைதான்.

எங்க வீட்டுக்காரர் பாவம், ரெண்டடி தள்ளிப் போயி நின்னுக்கிட்டார். எனக்கு மூச்சு வாங்குது. கோவம் எறங்கணும்னா எனக்கு ஒரே வழிதான் தெரியும். அப்படியே மணல்ல குப்புறப் படுத்தேன். வாரை முழங்கைக்கு மேல சுத்தி இழுத்துக்கிட்டு, தடியனக் கையிலயே ஏந்திக் கன்னத்துல வச்சேன். கொடி அசங்கல, காத்து இல்ல. பாதி மூச்சு.

ஒண்ணு. போல்ட்ட இழுத்து, தள்ளி, இன்னொண்ணு. அஞ்சும் போட்டேன். எங்க விழுதுன்னு பாக்கவே இல்ல. கோவந்தான் எறங்கிக்கிட்டிருந்துச்சு.

பஞ்சநதம் சார் டார்கெட் கிட்ட போனவர் திரும்பி வரவே இல்ல. காகிதத்த கிட்ட வச்சுப் பாக்கறார், கண்ணாடியத் தொடச்சுட்டுத் திரும்பப் பாக்கறார். "டீச்சர்!" என்று அங்கேர்ந்தே கத்தினார். "ஓட்டை ஒண்ணுதான் இருக்கு!"

மத்த நாலும் எங்க போச்சு? ஓடிப் போயிப் பாத்தா, நட்ட நடுவுல ஒரே ஓட்டை. சுண்டு விரல விட்டா அடைக்கும். அஞ்சும் அதுக்குள்ள போயிருக்கு.

திரும்பி வந்து சார் ஒரு காரியம் பண்ணினார். தடியனப் பழையபடி மூட்டை மேல சாத்தி வச்சுட்டு, தாள எடுத்துப் பேரலுக்கு அடியில விட்டு இழுத்தார். தாளு பாதியில நின்னு போச்சு. குனிஞ்சு பாத்தோம். அந்தக் கனத்துக்கு நெல்லு சரிஞ்சு வழி விட்டு, ரைஃபிள் உள்ள எறங்கியிருக்கு. மூட்டையோட காது புடைச்சுக்கிட்டுப் பேரல அடியிலேர்ந்து முட்டுது. எங்க வீட்டுக்காரர் குத்தக் குத்த, காது இன்னும் ஏறி முட்டிப் பேரல மேல தள்ளியிருக்கு, குண்டும் மேல மேல போயிருக்கு. மெலிசுக்குக் கனமில்ல, அதனால அது எறங்கவே இல்ல.

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். சுத்தி எட்டுன தூரம் வரைக்கும் மணல். நடுவுல எங்க நெல்லு மூட்டை ரெண்டு. பஞ்சநதம் சாருக்குத்தான் மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் எங்களுக்கு அடக்க முடியல. சாரு சிரிச்சுச் சிரிச்சு மணல்லயே ஒக்காந்துட்டார்.

"தண்ணீ...!" கரையில ஒரே சத்தம்.

பாத்தா, திருப்பத்துல வந்துடுச்சு. மொதத் தண்ணி ஓடியெல்லாம் வராது. சருகு, நொரை, குப்பை எல்லாத்தையும் முன்னாடி தள்ளிக்கிட்டு, மணல நக்கிக்கிட்டே மெதுவா வரும். அந்த மண்ணு வாசனைக்கு எனக்கு எப்பவும் மனசு நெறஞ்சு போயிடும். ஆனா அன்னிக்கு நின்னு மோந்து பாக்க நேரமில்ல. சார் மெலிசையும் தோட்டாப் பொட்டியையும் எடுத்துக்கிட்டு ஏறிட்டார். எங்க வீட்டுக்காரர் ஒரு மூட்டைய முதுகுல ஏத்திக்கிட்டு, "ஈரம் ஏறிடும், ஈரம் ஏறிடும்" என்று பொலம்பிக்கிட்டே ஓடறார். இன்னொரு மூட்டை நான் ஒதைச்ச எடத்துலயே கெடக்கு.

அப்பத்தான் கரையிலேர்ந்து ஒரு கொரல். "எவன்டா அது என் நெல்ல ஆத்துல போட்டவன்?"

எங்கப்பா! பஸ்சுக்குப் போற வழியில மொதத் தண்ணியப் பாத்துட்டுப் போகலாம்னு நின்னிருக்கார். தோள்ல மஞ்சப் பை. தன் நெல்லு மூட்டை அடையாளம் அவருக்குத் தெரியாமப் போகுமா? சரிவுல விறுவிறுன்னு எறங்கி வந்துட்டார்.

தண்ணி கால்கிட்ட வந்துடுச்சு. நான் தடியன எடுத்து, போல்ட்ட உருவி இடுப்புல சொருகிக்கிட்டேன். போல்ட் இல்லாட்டி அது வெறும் இரும்புக் கொழாய். ஆனா ரைஃபிளக் கையில வச்சுக்கிட்டு மூட்டையப் பொரட்ட முடியாது. அப்பா எதுத்தாப்புல வந்து நின்னார்.

"இதப் புடிங்கப்பா!" என்று அவரு கையில திணிச்சேன். யோசிச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்.

திரும்பி வந்த எங்க வீட்டுக்காரரும் நானும் மூட்டைய ஆளுக்கொரு காதப் புடிச்சு இழுத்துக் கரையேத்தினோம். செவப்புக் கொடியப் புடுங்க மறந்துட்டோம். தண்ணி அதச் சுத்திக்கிட்டுப் போச்சு. மேல வந்து மூச்சு வாங்கிக்கிட்டுத் திரும்பினாத்தான் எனக்கு ஒறைச்சுது. அப்பா ரைஃபிள ரெண்டு கையிலயும் கொழந்தைய ஏந்தற மாதிரி ஏந்திக்கிட்டு நிக்கறார். மொகம் வேர்த்துப் போயிருக்கு.

"அப்பா, குடுங்கப்பா. தெரியாம..."

அவரு குடுக்கல. கையில இருந்தத ஒரு தடவ மேல தூக்கி எறக்கிப் பாத்தார், எடை பாக்கற மாதிரி.

"என்ன ஆயி இது, ரெண்டு மரக்கா நெல்லு கனம் இருக்கு?"

"ஆமாம்பா."

"இதத்தான் எடுக்கப் போறியா? அந்தப் பளபளப்பா இருக்கறத இல்லையா?"

"இதத்தாம்பா. இதப் படுத்துக்கிட்டுத்தான் சுடணும். அந்தக் காகிதத்தத் தவிர வேற எதையும் இதால ஒண்ணும் பண்ண முடியாது."

அப்பா கீழ ஆத்தப் பாத்தார். கரையோரத்து வரப்பப் பாத்தார். திரும்பக் கையில இருந்தத ஒரு தடவ தூக்கிப் பாத்தார். அப்புறம் அவரு மொகம் அப்படியே எளகிப் போச்சு.

"இதத் தூக்கிக்கிட்டு எவனாலயும் வரப்பு மேல ஓட முடியாதே ஆயி" என்றார். "நம்மள வெரட்டிப் புடிக்கறதுக்குள்ள அவனே சேத்துல விழுந்துடுவான்."

சிரிச்சார். எங்கப்பா துப்பாக்கியக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சார். எனக்கு அழுகை வந்துச்சு. இந்தத் தடவ கோவமா வரல, அழுகையாவே வந்துச்சு.

ரோட்டுல கீழ்வேளூர் பஸ்சு ஆரன் அடிச்சுது. அப்பா திரும்பிக்கூடப் பாக்கல. கரையில ஒக்காந்து, ரைஃபிள மடியில வச்சுக்கிட்டு, மஞ்சப் பையிலேர்ந்து வெளுத்த வேட்டிய எடுத்தார். ஊருக்குப் போறதுக்குன்னு மடிச்சு வச்ச வேட்டி. "மணலு ஒட்டியிருக்கு பாரு" என்று பேரல நுனியிலேர்ந்து தொடச்சுக்கிட்டு வந்தார். அப்புறம் அந்த வேட்டியாலயே அதச் சுத்திக் கட்டி என்கிட்ட நீட்டினார்.

"நீயே தூக்கிக்கிட்டு நட. என்னால ஆகாது." நாலடி போயி திரும்பினார். "ராத்திரிக்கு என்ன கொழம்பு?"